பீடோங்கிலிருந்து புதுக்கோட்டைக்கு எத்தனை மணி நேரம்?

பினாங்கு விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 2,365 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குச் சுமார் 2,690. கைப்பேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் இந்த எண்கள் நொடியில் வந்துவிடும். பறக்கும் நேரம் மூன்றரை மணி என்று கூடவே ஒரு வரியும் வரும். கெடாவின் பீடோங்கிலிருந்தோ கூலிமிலிருந்தோ ஊருக்குப் போய்வந்த எவரிடமாவது அந்த மூன்றரை மணியைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். விடியற்காலையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பினால் ஊர் போய்ச் சேர ராத்திரியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டுமே பொய்யில்லை. ஒன்று ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையே அளக்கிறது, மற்றது வாசலுக்கும் வாசலுக்கும் இடையே. கெடா தமிழர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே இந்த வாசல் கணக்கு காலந்தோறும் எப்படி மாறியது, வேகம் இவ்வளவு கூடிய பிறகும் ஏன் இறங்க மறுக்கிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

வானத்துக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய பாதை பெருவட்டப் பாதை. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் வழியை வரைபடத்தில் பார்த்தால் வில்லாக வளைந்திருப்பது அதனால்தான். கெடாவும் தமிழ்நாடும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் ஏறக்குறைய சரியாக இருக்கும். பினாங்கில் எழும் விமானம் சுமத்ராவின் வடமுனையை இடக்கைப் பக்கம் விட்டுவிட்டு, நிக்கோபார் தீவுகளைத் தாண்டி, வங்கக் கடலைக் குறுக்காக வெட்டிச் சென்னையில் இறங்குகிறது. ஏர்பஸ் 320 போன்ற விமானம் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 2,365 கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணிக்குச் சற்று மேல் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, தரையில் ஊர்ந்து போகவும் நேரம் வேண்டும். அதைச் சேர்த்தால் மூன்றரை. விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடும் நேரமோ விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்த நொடியிலிருந்து மறுமுனையில் நிற்கும் நொடிவரை. தாமதத்துக்கென்று கொஞ்சம் கையிருப்பும் அதில் இருக்கும். ஆகவே டிக்கெட்டில் நான்கு மணியை ஒட்டி வரும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் காற்று முதுகில் தள்ளினால் போகும் நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் குறையும், திரும்பும்போது அதே அளவு கூடும். அவ்வளவுதான். ஆனால் நம் பெரியவர்கள் பலர் இந்த வித்தியாசத்தை மணிக்கணக்கில் சொல்வார்கள். போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஆறரை மணி என்று. அது கடிகாரம் செய்யும் வேலை. மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் நிற்கிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பும் விமானம் திருச்சியில் ஒன்பதரைக்கு இறங்கும்; நடுவில் நான்கு மணி நேரம் கழிந்திருக்கும். 1981 முடியும்வரை இந்த இடைவெளி இரண்டு மணியாகத்தான் இருந்தது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கிக்கொண்டது. தமிழ்நாடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை, ஆனாலும் கடிகாரத்தில் அரைமணி தள்ளிப்போய்விட்டது.

இனி வாசல் கணக்கு. அதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்த சீனத் துறவிகளின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதிய யிஜிங், வூசிங் என்ற துறவியின் பயணத்தையும் குறித்துவைத்திருக்கிறார். வூசிங் ஸ்ரீவிஜயத்திலிருந்து படிப்படியாகக் கெடாவுக்கு வந்தார். அங்கே குளிர்காலத்தின் கடைசிவரை காத்திருந்தார். பிறகு மேற்கே முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினம் சேர்ந்தார். அங்கிருந்து இலங்கைக்கு இரண்டு நாள். கெடாவுக்கும் நாகைக்கும் இடையே பயண நேரம் முப்பது நாள் என்று பெயரோடும் எண்ணோடும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பதே வியப்பு. அதைவிட முக்கியம் அந்தக் காத்திருப்பு. வடகிழக்குப் பருவக்காற்று பிடித்தால்தான் மேற்கே போக முடியும். அது தவறினால் அடுத்த பருவம் வரை கெடாவிலேயே கிடக்க வேண்டியதுதான். மெர்போக் ஆற்றங்கரையிலும் பூஜாங் பள்ளத்தாக்கிலும் இன்று நாம் பார்க்கும் கோயில் அடித்தளங்களும் சுங்கை பத்துவின் இரும்பு உலைகளும் அப்படிக் கப்பல்கள் வந்து நின்று போன ஓர் உலகத்தின் மிச்சங்கள். கடலிலிருந்து வருகிறவர்களுக்கு 1,200 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் குனோங் ஜெராய்தான் கரை அடையாளம்.

அந்த வழியின் இரு முனைகளும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு லைடன் செப்பேடு சாட்சி. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் எழுப்பினார்; அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் ராஜராஜன் கொடுத்தான். இருபது ஆண்டு கழித்து, 1025 வாக்கில், ராஜேந்திரனின் கடற்படை அதே வழியில் கடாரத்துக்கு, அதாவது கெடாவுக்கு, போனது. ஆயிரமாண்டு நிறைவை ஒட்டிக் கடாரம்கொண்டான் என்ற பட்டம் மேடைகளில் தாராளமாக ஒலிக்கிறது. ஒலிக்கட்டும். அந்தக் கடாரத்துக்காரர் இன்று திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போக முதலில் தெற்கே நானூறு கிலோமீட்டர் போகவேண்டியிருக்கிறது என்பதையும் அந்த மேடைகளில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

தோட்டக் காலத்துக்கு வருவோம். 1909இல் சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகின, வட ஆற்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் கடல்வழி சுமார் 1,250 கடல் மைல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் ஓடினால் நாலேகால் நாளில் முடித்துவிடலாம். நடைமுறையில் ஐந்தாறு நாள் ஆனது. 1926இல் கட்டப்பட்ட ரஜுலாவைத் தெரியாத தோட்டக் குடும்பம் இருக்காது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்த கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. அதன் ஜோடிக் கப்பல் ரோனா போருக்கு எடுத்துப் போகப்பட்டு 1943இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுக்கு மூழ்கியது. அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல் அதில் இறந்தார்கள்.

ஆனால் கப்பல் ஓடிய ஐந்தாறு நாளை மட்டும் பயண நேரம் என்று சொன்னால் அது விமான நிலையக் கணக்கைப் போலத்தான் ஆகும். கிராமத்திலிருந்து கிளம்பியவர் ஆவடியிலோ நாகையிலோ முகாமில் மருத்துவச் சோதனைக்கும் கப்பலுக்கும் காத்திருந்தார். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பினாங்கு வந்தால் நேராக இறக்கிவிட மாட்டார்கள். அம்மை, காலரா பயத்தில் ஜெரஜாக் தீவில் நாள்கணக்கில் தடுத்துவைத்தார்கள். பிறகு படகில் பிறைக்கு வந்து ரயில். அலோர் ஸ்டாருக்கு 1915இல்தான் ரயில் எட்டியது; அதற்கு முன் வந்தவர்களுக்கு மாட்டு வண்டியும் ஆற்றுப் படகும் கால்நடையும். ஆக, சொந்த ஊரிலிருந்து சுங்கை பட்டாணிப் பக்கத்து லயத்துக்கு வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகியிருந்தால் அதில் கடலில் கழிந்தது கால்பங்குதான். வூசிங்குக்குக் காற்றுக்காகக் காத்திருப்பு, தோட்டத்துத் தாத்தாவுக்கு டாக்டரின் கையெழுத்துக்காக. இரண்டு பேருக்கும் கரைதான் நேரத்தைத் தின்றது.

சில ஆண்டுகளில் அந்தத் தூரம் அளக்கவே முடியாததாகவும் இருந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதை நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்ததும் கடல்வழி முற்றிலும் அடைபட்டது. கடிதம்கூடப் போகாத அந்த மூன்றரை ஆண்டில் கெடாத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் மேற்கே ஊருக்குப் போகவில்லை. வடக்கே சயாம் மரண ரயில் பாதைக்குத்தான் போனார்கள். பலர் திரும்பவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் ஒருவழிப் பயணமாகக் கப்பல் ஏறினார்கள். அவர்களிடம் எத்தனை நாள் பயணம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981இல் எழுதிய முதல் நாவலுக்கு ‘தி ரிட்டர்ன்’ என்றுதான் பெயர் வைத்தார்.

ரஜுலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பல உயிர்களைக் கொண்டுபோனது. பினாங்குத் துறைக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு ஓய்ந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. தீவுக்குப் போவது எளிதாயிற்று. ஆனால் அங்கே போனாலும் ஊருக்குப் போகக் கப்பல் இல்லை.

இங்கே விமானத்தின் கதையில் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். இன்று உள்நாட்டுச் சிறு நிலையமாக நாம் நினைக்கும் அலோர் ஸ்டார், 1930களில் உலக வழித்தடத்தில் இருந்த ஊர். ஹாலந்தின் கேஎல்எம் ஆம்ஸ்டர்டாம்–பத்தாவியா விமானங்களும், 1933 முடிவில் சிங்கப்பூர்வரை நீண்ட பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்களும் அங்கே இறங்கி ஏறின. 1934இல் நடந்த லண்டன்–மெல்போர்ன் விமானப் பந்தயத்திலும் அது ஒரு நிறுத்தம். அலோர் ஸ்டாரில் ஏறிய துரை பாங்காக், ரங்கூன் வழியாக இரண்டு மூன்று நாளில் கல்கத்தா சேரலாம். அதே வானத்தின் கீழே பால் வெட்டிக்கொண்டிருந்தவருக்கு மூன்று வாரம். விமானங்கள் பெரிதாகி, அடிக்கடி எண்ணெய் போட இறங்க வேண்டிய தேவை மறைந்தபோது கெடா அந்த வழியிலிருந்து விழுந்தது. வேகம் கூடக்கூட நடுவிலிருக்கும் ஊர்கள் விடுபடும். கெடாவுக்கு நேர்ந்தது அதுதான்.

1970களில் கோலாலம்பூர்–சென்னை விமானம் வசதியுள்ளவர்களின் வழியானது. 1998இல் விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்கு மாறியது. தலைநகர்க்காரருக்கு அது ஒரு புதிய கட்டடம். வடக்கிலிருந்து வருகிறவருக்கு ஏற்கெனவே நீண்ட சாலையின் நுனியில் இன்னொரு மணி நேரம். 1994இல் முழுமையடைந்த வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இப்படிப் போயிற்று. உண்மையான திருப்பம் 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூர்–திருச்சி சேவையைத் தொடங்கியதுதான். பெரும்பாலான தோட்டக் குடும்பங்களின் ஊர் திருச்சியைச் சுற்றித்தான். சென்னையில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கும் பாடு தீர்ந்தது. ஓய்வூதியப் பணத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாத்தாவின் கிராமத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இந்த வழியில் போனவர்களே. திருச்சி 2012இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்டது, 2024இல் புதிய முனையமும் வந்தது.

வடக்குக்கு நேரடியாக ஒரு கதவு 2024 டிசம்பர் 21இல் திறந்தது. இண்டிகோ நிறுவனம் சென்னை–பினாங்கு தினசரி சேவையைத் தொடங்கியது. கெடாவுக்கு இனி எல்லாம் சுலபம் என்று அப்போது பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நியாயமானது, ஆனால் அளந்து பார்த்தால் யாருக்குச் சுலபம் என்பது தெரியும்.

பீடோங்கில் ஒரு வீடு, புதுக்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய வழி: பஸ்ஸிலோ காரிலோ சிப்பாங்குக்கு ஆறு மணி, விமானத்துக்கு முன் மூன்று மணி, வானில் நான்கு, குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி, திருச்சியிலிருந்து ஊருக்கு ஒன்றரை. கூட்டினால் பதினைந்தரை. இரண்டாவது வழி பினாங்கில் ஏறிக் கோலாலம்பூரில் மாறுவது: பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி, காத்திருப்பு இரண்டு, பறப்பது ஒன்று, மாறும் இடத்தில் நல்ல நாளில் நான்கு, பிறகு நான்கு, ஒன்று, ஒன்றரை. பதினைந்து. இதில் விமானம் முதலில் தென்கிழக்கே 325 கிலோமீட்டர் போய், பிறகு மேற்கே திரும்புகிறது. நேராகப் போயிருந்தால் மிச்சமாகும் தூரம் 560 கிலோமீட்டருக்கு மேல். மூன்றாவது, புதிய வழி: பாயான் லெப்பாஸுக்கு ஒன்றரை, காத்திருப்பு மூன்று, பறப்பது நான்கு, குடிநுழைவு ஒன்று, சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு ஏழு. பதினாறரை! ரயிலுக்குக் காத்திருந்தால் இன்னும் கூடும்.

நீண்ட சாலை எங்கும் போய்விடவில்லை, மலேசியப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது. எந்த வழியில் போனாலும் பதினைந்து மணியை ஒட்டித்தான் நிற்கிறது. பினாங்குக்கும் திருச்சிக்கும் உள்ள நேர்த்தூரம் 2,450 கிலோமீட்டர் என்று எடுத்தால், மணிக்கு 830 கிலோமீட்டர் ஓடும் விமானத்தில் போகிற நம் பயணி உண்மையில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர் போய்ச் சேருகிறார்.

வேலூர்க்காரருக்குக் கணக்கே வேறு. சென்னை விமான நிலையத்திலிருந்து அவர் ஊருக்கு மூன்று மணி போதும். பினாங்கு வழியாகப் போனால் பன்னிரண்டரை மணி. சிப்பாங் வழியாகச் சென்னை போனால் பதினேழு. வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பங்களும் கெடாவில் குறைவில்லை. வேலூர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கு நாலரை மணி நேரம் மிச்சம் என்பது சின்ன விஷயமும் இல்லை. எனவே 2024இன் சேவை வீண் என்று நான் சொல்லவில்லை. அது பாதிக் கதவு.

மீதிக் கதவு எங்கே என்று கேட்டால் மூன்று பதில்கள் பேசப்படுகின்றன. ஒன்று, அலோர் ஸ்டார். கெப்பாலா பத்தாஸில் உள்ள சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையத்தின் ஓடுபாதை 2,700 மீட்டருக்கு மேல். ஏர்பஸ் 320 இந்தியாவுக்குப் போக அது தாராளம். குறை ஓடுபாதையில் இல்லை, தினம் ஒரு விமானத்தை நிரப்பும் பயணிகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லாததுதான். கெடா தமிழர்கள் மாநிலத்தின் தெற்கில் குவிந்திருக்கிறார்கள்: சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லுனாஸ், பாடாங் செராய். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின் லயத்தை விட்டவர்கள் குடியேறிய தாமான்களும் அங்கேதான். அவர்களுக்கு அலோர் ஸ்டாரைவிடப் பினாங்கு தூரமில்லை. இரண்டு, கூலிமில் புதிய விமான நிலையம். மாநில அரசுக்குப் பிடித்த திட்டம். ஆனால் அதன் நோக்கம் தொழிற்பேட்டைச் சரக்கு, அண்டை மாநிலமான பினாங்கோ தன் நிலையம் பாதிக்கும் என்று முகம் சுளிக்கிறது. கட்டி முடித்து ஊருக்கு விமானம் விடும் நாளை நம்பி யாரும் பெட்டி கட்ட வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு நடக்கக்கூடியதாகத் தெரிகிறது: பினாங்கிலிருந்து திருச்சிக்கு நேராக. அதற்குப் புதிய ஓடுபாதை வேண்டாம், புதிய நிலையமும் வேண்டாம். பினாங்கு நிலையம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்கான அளவிலிருந்து ஒரு கோடியே 20 லட்சத்துக்கு விரிவாக்கப்படுகிறது. தினமும் வேண்டியதில்லை, வாரத்துக்கு மூன்று நாள் போதும். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒன்றரை, மூன்று, நான்கு, ஒன்று, ஒன்றரை. பதினொரு மணி நேரம். கெடாவின் தெற்கும் பினாங்கும் பேராக்கின் வடக்கும் சேர்ந்தால் விமானத்தை நிரப்ப ஆள் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசாவைத் தளர்த்தியிருப்பது இன்னொரு பலம்.

விமான நிறுவனங்கள் பயணிகள் எங்கே ஏறுகிறார்கள் என்பதைப் பார்க்கின்றன; வீடு எங்கே இருக்கிறது என்பது அவர்கள் ஏட்டில் பதிவாவதில்லை. சிப்பாங்கில் ஏறும் கெடாக்காரர் கோலாலம்பூர்ப் பயணியாகவே எண்ணப்படுகிறார். வடமாநிலங்களின் இந்திய வணிகச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பயண முகவர்களும் ஆண்டுக்கு எத்தனை பேரைத் தாங்கள் திருச்சிக்கு அனுப்புகிறோம் என்று ஊர்வாரியாகக் கணக்கெடுத்து, நிறுவனங்களின் முன்னும் பினாங்கு, கெடா அரசுகளின் முன்னும் வைக்க வேண்டும். அதுவரை டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: ஊர் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் என்றால் பினாங்கில் ஏறுங்கள், திருச்சி, தஞ்சைப் பக்கம் என்றால் சிப்பாங்கே மேல், விலையை ஒப்பிடும்போது இரண்டு பக்கத்துச் சாலைச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.